எழுத்துக்கூட்டினால் வாசிப்பு ஆகிவிடுமா? தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு வீட்டில் வாசிப்பும் எழுத்தும்

கிராமப்புறக் குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் 'ஏசர்' ஆய்வறிக்கை வெளியாகும்போதெல்லாம் நாளிதழ்களில் ஏறக்குறைய ஒரே தலைப்பு வரும்: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை. 2018இல் நாடு முழுவதும் கிராமப்புற மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 27.3 விழுக்காட்டினர் அதை வாசித்தார்கள். கொரோனாவுக்குப் பிந்தைய 2022 அறிக்கையில் அது 20.5 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டு வந்த எண் 4.8. செய்தியைப் படித்த பெற்றோர் பலர் உடனே செய்வது இரண்டு காரியம்: டியூஷனில் சேர்ப்பது, தினமும் இரண்டு பக்கம் பார்த்து எழுதச் சொல்வது. இரண்டுமே சிக்கல் இருக்கும் இடத்தைத் தொடுவதில்லை. ஏன் என்று புரிய, அந்த எண் எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## அந்த எண் எதைச் சொல்கிறது?

ஏசர் ஆய்வு வீட்டில் நடப்பது. ஆய்வாளர் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளைக் காட்டி வாசிக்கச் சொல்வார். தாளில் நான்கு படிகள் உண்டு: எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவிலான சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான சிறு கதை. குழந்தை எந்தப் படிவரை தடையின்றி வாசிக்கிறதோ அதுவே அதன் நிலை. ஆகவே 4.8 என்றால் மற்றவர்களுக்கு எழுத்தே தெரியாது என்று பொருள் இல்லை. எழுத்து தெரிந்து சொல்லில் நிற்பவர்களும், சொல் தெரிந்து பத்தியில் திணறுபவர்களும் மீதிக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இதே பார்வையில் அமைந்தது. 1 முதல் 3 வரையிலான வகுப்புப் பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை வாரியாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். வீட்டிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருந்தால் அதன் கையில் மூன்றாம் வகுப்புப் பாடநூலைத் திணிப்பதில் பயனில்லை.

## வாசிப்பு என்பது இரண்டு வேலை

1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் ஒன்று. காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இவ்விரண்டின் பெருக்குத்தொகையே வாசிப்பு. கூட்டல் என்றால் ஒன்று குறைந்தாலும் மற்றது கொஞ்சம் ஈடுகட்டும். பெருக்கலில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்தான்.

வீட்டில் நாம் காணும் இரண்டு வகைக் குழந்தைகளை இது விளக்கிவிடுகிறது. ஒரு குழந்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்து முடிக்கும், என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கும். இன்னொன்று வாய் ஓயாமல் கதை சொல்லும், புத்தகத்தை எடுத்தால் ஓடிவிடும். முதல் குழந்தைக்குச் சொல்வளமும் சரளமும் வேண்டும், இரண்டாவதற்கு எழுத்துப் பயிற்சி வேண்டும். இருவருக்கும் ஒரே 'இரண்டு பக்கம் எழுது' மருந்து கொடுப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு.

## தமிழில் குழந்தை இடறும் இடங்கள்

1. ஒலி ஒரு வரிசை, எழுத்து வேறு வரிசை. 'கெ' என்பதில் முதலில் ஒலிப்பது க், பிறகு எ. கண்ணுக்கோ கொம்புதான் முதலில் தெரிகிறது. 'கொ', 'கோ' ஆகியவற்றில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. 'கௌ' இன்னும் சங்கடம், அதன் கடைசி உறுப்பு அச்சில் 'ள' போலவே இருக்கும். இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படிக்கும் குழந்தைதான் இங்கே அதிகம் தடுமாறும். குறியைத் தனியாகப் பிரித்து விளக்காமல், 'கெ' முழுவதையும் ஒரே வடிவமாக அட்டையில் எழுதிக் காட்டுவது நல்லது.

2. உகர வரிசைக்கு ஒரே விதி கிடையாது. கு, டு, து, பு, ரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். இவற்றை வாய்ப்பாடாக ஒப்பிப்பதைவிட புலி, துணி, மாடு என்று சொல்லோடு சேர்த்துப் பார்த்தால் நிற்கும்.

3. 247 எழுத்தும் முடிந்த பிறகே சொல் என்ற பழைய வரிசை. காலத்தை வீணாக்குவதில் இதற்கு இணை இல்லை. க, ட, த, ந, ப, ம, ர, ல, வ, ன ஆகிய பத்து எழுத்துகளோடு புள்ளி, கால், இகர, உகரக் குறிகள் தெரிந்தாலே பாட்டி, தாத்தா, மாடு, பால், கதவு, நரி, புலி, மரம், வால் எல்லாம் வாசித்துவிடலாம். வாசிக்கும் சொல்லுக்குப் பொருள் இருந்தால்தான் அடுத்த எழுத்தின் மேல் ஆசை வரும்.

4. ஒரு எழுத்து, பல ஒலி. கடல், தங்கம், மகன் மூன்றிலும் 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. விதி சொல்லி இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. சொல் காதுக்குப் பழகியிருந்தால் குழந்தையின் நாக்கு தானே திருத்திக்கொள்ளும். பழகாத சொல்லாக இருந்தால் சரியாக எழுத்துக்கூட்டியும் அது எந்தச் சொல் என்று தெரியாமல் நிற்கும்.

5. பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது வேறு. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை இதுதான். வீட்டில் 'வந்துட்டாங்க', புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. இலை நம் வாயில் 'எல' ஆகிறது, உடம்பு 'ஒடம்பு' ஆகிறது, இடம் 'எடம்' ஆகிறது. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முன்னால் உள்ள இகரமும் உகரமும் இப்படி இறங்குவது பேச்சுத்தமிழின் ஒழுங்கான இயல்பு. ஆகவே 'எல' என்று எழுதும் குழந்தை கவனக்குறைவாக எழுதவில்லை, காதில் விழுந்ததைத் துல்லியமாக எழுதியிருக்கிறது.

போகிற போக்கில் ஒன்று: பரணில் இருக்கும் பழைய சிறுவர் நூல்களை எடுத்துக் கொடுப்பதற்கு முன் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் லை, னை, ணை, றா போன்றவை வேறு வடிவில் இருக்கும். நீங்கள் வாசித்துக் காட்டலாம், குழந்தையிடம் தனியாக வாசிக்கக் கொடுக்க வேண்டாம்.

## ஐந்து நிமிடத்தில் நிலையை அறிதல்

பாடநூலை வைத்துச் சோதிக்காதீர்கள். பள்ளியில் பலமுறை கேட்ட பாடத்தைக் குழந்தை மனப்பாடமாகவே ஒப்பித்துவிடும், விரல்கூட சரியான வரியில் நகரும். பார்த்திராத ஒரு தாளில் நீங்களே எழுதுங்கள்: கலைத்துப் போட்ட 10 எழுத்துகள், அதன் கீழே 10 எளிய சொற்கள், அதன் கீழே நாலு வரி, கடைசியில் எட்டு வரிக் கதை. கீழிருந்து தொடங்க வேண்டாம், சொற்களிலிருந்து தொடங்குங்கள். தடையில்லை என்றால் கீழே போங்கள், திணறினால் மேலே எழுத்துகளுக்குப் போங்கள்.

கதைவரை வந்துவிட்டால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்றுக்கு விடை கதையிலேயே இருக்க வேண்டும், இன்னொன்றுக்கு யோசித்தால்தான் விடை வர வேண்டும். முதலாவதற்கு மட்டும் பதில் வருகிறதென்றால் குழந்தை சொற்களைப் பிடிக்கிறது, பொருளை இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்களைப் புரிந்து வாசிப்பதை இலக்காகச் சொல்கிறது. அந்த 60ஐத் தமிழில் அப்படியே வைத்து அளந்தால் குழந்தைக்கு அநியாயம். 'போய்க்கொண்டிருந்தபோது' என்பது தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் அதைச் சொல்ல மூன்று நான்கு சொற்கள் வேண்டும். நிமிடக் கணக்கைப் பார்ப்பதைவிட, வாசிப்பு பேச்சுபோலக் காதில் விழுகிறதா என்று கேளுங்கள்.

## வாசிப்புக்கு ஒரு நாளில் 20 நிமிடம்

ஞாயிறன்று இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, தினமும் 20 நிமிடம் பயன் தரும். அதை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் 10 நிமிடம்: பெரியவர் வாசிப்பது. ஐந்தாம் வகுப்புவரை இது தேவை. தானே வாசிக்கும் குழந்தைக்கு எதற்கு என்று பலர் இரண்டாம் வகுப்பிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது, புத்தகத் தமிழின் வாக்கியங்கள் காதில் ஏற வேறு வழி கிடையாது. வாசிக்கும்போது பேச்சும் நடக்கட்டும். அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உரையாடல் வாசிப்பு என்ற முறை பரவியது. அதன் சாரம், கேள்வி கேட்டு, வந்த பதிலை நீட்டித் திருப்பிக் கொடுப்பது. படத்தில் ஒரு கோழி திண்ணையோரம் மழையில் ஒதுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

'கோழி ஏன் உள்ள போகல?'
'பயம்.'
'ஆமா, பயம். உள்ள நாய் படுத்திருக்கு பாரு, அதான் கோழி பயந்துபோய் வெளியவே நிக்குது.'

அடுத்த முறை அதே பக்கம் வரும்போது குழந்தையின் பதில் 'பயம்' என்று நிற்காது. 'இது என்ன? அது என்ன?' என்று பெயர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் வாசிப்பு நேரம் தேர்வாகிவிடும். அப்படிப்பட்ட கேள்வி பக்கத்துக்கு ஒன்று போதும்.

அடுத்த 5 நிமிடம்: எதிரொலி வாசிப்பு. நீங்கள் ஒரு வாக்கியம் வாசிக்க, குழந்தை வரிக்குக் கீழே விரல் வைத்து அதையே வாசிக்கும். எங்கே நிறுத்துவது என்பதுதான் இங்கே பாடம். நீண்ட வாக்கியத்தில் பென்சிலால் லேசாகக் கோடு போட்டுக் கொடுங்கள்: 'அம்மா கொடுத்த பையை / எடுத்துக்கொண்டு / கடைக்குப் போனாள்.' சொல் சொல்லாக வெட்டி வாசிக்கும் பிள்ளைக்குச் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

கடைசி 5 நிமிடம்: மறுவாசிப்பு. 50 முதல் 100 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை அந்த வாரம் முழுக்க வைத்துக்கொண்டு மூன்று நான்கு நாள் வாசிப்பது. சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979இல் எழுதிய பின் பரவலான எளிய முறை இது. முதல் நாள் திணறியது நாலாம் நாள் ஓடும். குழந்தைக்குத் தன் முன்னேற்றம் தன் காதுக்கே கேட்பதுதான் இதில் விசேஷம். செல்போனில் நேரம் வைத்து ஓட்டப்பந்தயம் ஆக்க வேண்டாம். வேகம் பொருளைத் தின்றுவிடும்.

வாசிக்கும்போது தவறு வந்தால் உடனே பாயாதீர்கள். ஐந்து நொடி காத்திருங்கள். வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை விடமாட்டேன் என்று நின்றால் வாக்கியத்தின் தொடக்கம் குழந்தைக்கு மறந்துபோகும். 'வந்தார்' என்பதை 'வந்தாரு' என்று வாசித்தால் விட்டுவிடலாம். 'வரவில்லை' என்பதை 'வந்தான்' என்றால் நிறுத்த வேண்டும். பொருள் கெடுகிறதா என்பதே அளவுகோல்.

## எந்தப் புத்தகம்?

ஏறத்தாழ 50 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தைக் குழந்தையை வாசிக்கச் சொல்லி, தடுக்கும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு நீங்கள் வாசித்துக்காட்ட மட்டும். இரண்டு மூன்று விரல் என்றால் உங்களோடு சேர்ந்து வாசிக்க ஏற்றது. ஒன்றோ பூஜ்யமோ என்றால் தனியாக விட்டுவிடலாம்.

காசு செலவில்லாமல் கிடைப்பவை நிறைய. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, பதிவிறக்கி அச்செடுக்கலாம். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வருகின்றன. 4, 5ஆம் வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்' இதழ் இருக்கிறது. பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் இவை வகுப்பறை அலமாரியில் தூங்குகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.

புத்தகத்துக்கு வெளியே இருக்கும் எழுத்தும் வாசிப்புதான். பஸ் பலகை, ரேஷன் கடை இருப்புப் பலகை, மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகையைவிடக் கடினமான வாசிப்புத் தாள் கிடைப்பது அரிது: அதில் நீளச் சொல், ஊர்ப்பெயர், உறவுமுறை, தேதி, நேரம் எல்லாம் உண்டு. 'சாப்பாடு எத்தனை மணிக்கு?' என்று கேட்டால் போதும், தேடி வாசித்துவிடும்.

## எழுத்து: கையெழுத்து வேறு, எழுதுவது வேறு

பார்த்து எழுதுவது மணிக்கட்டுக்கான பயிற்சி. எழுத்து வடிவம் சீராக அது வேண்டும், நாளைக்கு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழுதுவது என்பது மனத்தில் இருப்பதைத் தாளில் கொண்டுவருவது. இரண்டையும் ஒரே நோட்டில் செய்தால் அழகாக எழுத வேண்டும் என்ற பயம் கதையைக் கொன்றுவிடும். கையெழுத்துக்கு இரட்டைக்கோடு நோட்டு இருக்கட்டும், கதைக்குக் கோடில்லாத தனி நோட்டு வையுங்கள். அதில் யாரும் சிவப்பு மை வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும்.

### அ. சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தல்

எழுத்து இன்னும் கைவராத 1, 2ஆம் வகுப்புக்கு இதுதான் தொடக்கம்.

1. குழந்தை ஒரு படம் வரையட்டும், அல்லது அன்று நடந்த ஒன்றைச் சொல்லட்டும்.
2. சொன்னதைச் சொன்னபடியே நீங்கள் எழுதுங்கள். மூன்று நான்கு வாக்கியம் போதும், பெரிய எழுத்தில், சொற்களுக்கிடையே இடம் விட்டு.
3. எழுதும்போதே ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.
4. குழந்தை விரல் வைத்துத் திருப்பி வாசிக்கட்டும்.
5. மறுநாள் அதே தாளிலிருந்து இரண்டு மூன்று சொற்களை அட்டையில் எழுதி, தாளில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

தவறு நேர்வது இரண்டாவது படியில். குழந்தை 'நாய் தொரத்துச்சு' என்று சொல்ல, நம் கை தானாகவே 'நாய் துரத்தியது' என்று எழுதிவிடும். அடுத்த நொடியே குழந்தைக்கு அது தன் வாக்கியமாகத் தெரியாது, வாசிக்க வராது. முதலில் சொன்னபடியே எழுதுங்கள். சில நாள் கழித்து, அதன் கீழே புத்தகத் தமிழில் இன்னொரு முறை எழுதி, இரண்டையும் கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். இருந்துச்சு - இருந்தது, அவங்க - அவர்கள், போயிட்டான் - போய்விட்டான். பத்துப் பதினைந்து ஜோடி சேர்ந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே ஒழுங்கைப் பிடித்துவிடுவார்கள். பேச்சுத்தமிழ் தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது தப்பென்றால் அந்தப் பிள்ளைக்கு எழுத ஒன்றுமே மிஞ்சாது.

நியூசிலாந்தில் மாவோரி குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் இதே தருக்கத்தில்தான் வேலை செய்தார். எந்தச் சொல் வேண்டும் என்று குழந்தையிடமே கேட்டு, அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பயம், பாசம், சண்டை சம்பந்தப்பட்ட சொற்கள் ஒரே பார்வையில் நினைவில் நின்றன.

### ஆ. வாக்கியத்தை வளர்த்தல்

தமிழில் வினை கடைசியில் நிற்கும். எனவே வாக்கியம் நடுவில்தான் வளரும். 'நாய்', 'ஓடியது' என்று இரண்டு அட்டைகளைத் தரையில் ஒரு முழ இடைவெளியில் வையுங்கள். எந்த நாய்? எங்கே? ஏன்? எப்படி? ஒவ்வொரு பதிலும் ஓர் அட்டை. முடிவில் 'பக்கத்து வீட்டுக் கறுப்பு நாய் வெடிச்சத்தம் கேட்டுக் கட்டிலுக்கடியில் ஓடியது' என்று தரையெல்லாம் வாக்கியம் கிடக்கும். அட்டைகளை இடம் மாற்றி, எது மாறினால் பொருள் மாறுகிறது, எது மாறினாலும் ஒன்றும் ஆகவில்லை என்று பார்க்கலாம். இலக்கணப் பாடத்தின் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

### இ. யானையும் குக்கரும்

இத்தாலியச் சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரோடாரி 1973இல் எழுதிய ஒரு யோசனை: சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களை மோதவிட்டால் கதை பிறக்கும். இந்த விளையாட்டு தமிழுக்கென்றே செய்தது போல இருக்கிறது, நம்மிடம் வேற்றுமை உருபுகள் இருக்கின்றன. ஒரு டப்பாவில் விலங்குகளின் பெயர்ச் சீட்டு, இன்னொன்றில் வீட்டுச் சாமான் சீட்டு. ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். யானையும் குக்கரும் வந்தன என்று வையுங்கள்:

- யானைக்குக் குக்கர்
- குக்கரில் யானை
- யானையின் குக்கர்
- குக்கரோடு யானை
- யானையால் குக்கர்

ஐந்துமே ஐந்து வேறு கதைகள். 'குக்கரில் யானை' என்றால் உடனே எப்படி உள்ளே போனது, விசில் வந்ததா என்று கேள்வி கிளம்பும். 'யானையின் குக்கர்' என்றால் எவ்வளவு பெரிது, எத்தனை படி அரிசி போடும்? 'யானையால் குக்கர்' என்பதில் வாக்கியம் முடியவில்லை, உடைந்ததா தொலைந்ததா என்று குழந்தைதான் முடிக்க வேண்டும். பிடித்த ஒன்றை எடுத்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னால் கதை வந்துவிடும். 'உனக்குப் பிடித்த விலங்கைப் பற்றி பத்து வரி எழுது' என்ற பள்ளிக் கட்டளைக்கு வெற்றுத் தாளோடு உட்கார்ந்திருக்கும் அதே பிள்ளை இதற்கு எழுதும், ஏனென்றால் இங்கே பதில் சொல்லத் தூண்டும் ஒரு சிக்கல் இருக்கிறது.

### ஈ. எழுதியபடி செய்தல்

எலுமிச்சைச் சாறு போடுவது எப்படி என்று குழந்தை எழுத வேண்டும். குழந்தை எழுதியதை, எழுதியபடி மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். 'எலுமிச்சையை டம்ளரில் போடு' என்றிருந்தால் முழுப் பழத்தையும் போடுங்கள். 'தண்ணி ஊத்து' என்றால் வழியும்வரை ஊற்றுங்கள். சிரித்து முடித்துவிட்டு பென்சிலை எடுத்துத் தானே திருத்தி எழுதும். எட்டு வயதுக்கு மேல் இது நன்றாக வேலை செய்கிறது. சின்னவர்களுக்குச் சலிப்புத் தட்டும்.

### உ. எட்டுப் பக்கப் புத்தகம்

ஒரே ஏ4 தாளில், ஒட்டாமல் தைக்காமல் செய்வது.

1. தாளை நீளவாட்டில் இரண்டாக மடித்து விரியுங்கள்.
2. குறுக்குவாட்டில் இரண்டாக மடித்து, அதையே மீண்டும் அதே திசையில் மடியுங்கள். விரித்தால் 8 கட்டம்.
3. குறுக்குவாட்டில் ஒரே முறை மடியுங்கள். மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து, நடுக்கோட்டின் மேல், அடுத்த குறுக்குக்கோடு வரை மட்டும் வெட்டுங்கள்.
4. விரித்து, நீளவாட்டில் மடித்து, இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளுங்கள். நடுவெட்டு வாய் பிளந்து கூட்டல் குறிபோல நிற்கும். ஒரு பக்கமாகச் சுற்றி மடித்தால் புத்தகம். ஒரு பக்கம் ஏறத்தாழ 7.4 செ.மீ. அகலம், 10.5 செ.மீ. உயரம்.

மடிப்புப் பக்கத்தை விட்டு, திறந்திருக்கும் பக்கத்திலிருந்து வெட்டினால் நடுவில் வாய் வராது, புத்தகம் ஆகாது. இன்னொன்று, விரித்த தாளில் எழுதத் தொடங்காதீர்கள், பாதிப் பக்கம் தலைகீழாக வரும். முதலில் மடித்து முடித்து, மூலையில் 1 முதல் 8 வரை எண் போட்ட பிறகே எழுத வேண்டும்.

அட்டைகள் போக 6 பக்கம் கிடைக்கும். பக்கத்துக்கு ஒரு வாக்கியம், ஒரு படம். யார், எங்கே என்பது 2ஆம் பக்கம். அவருக்கு என்ன வேண்டும் என்பது 3. எது தடுக்கிறது என்பது 4. முதல் முயற்சி, அது தோற்பது 5. வேறு வழி 6. கடைசியில் என்ன ஆனது 7. குழந்தைகளின் கதைகள் பெரும்பாலும் 5ஆம் பக்கத்தைத் தாண்டி ஓடிவிடும்: சிக்கல் வந்த மறுகணமே மந்திரம் வந்து தீர்த்துவிடும், அல்லது கண் விழித்தால் எல்லாம் கனவு. அந்தப் பக்கம் காலியாக இருப்பதைக் காட்டி 'முதல்ல என்ன செஞ்சு பாத்துச்சு?' என்று கேட்டால் போதும். பின்னட்டையில் 'இக்கதையின் நீதி' வேண்டாம். அந்த இடத்தில் எழுதியவர் பெயர், வயது, விலை போடட்டும். விலையை யோசித்துப் போடுவதில் பிள்ளைகள் காட்டும் அக்கறை தனி.

## எதைத் திருத்துவது, எப்போது?

எழுதிய அன்று எழுத்துப்பிழையைத் தொடாதீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் பேசுங்கள். மறுநாள், ஒரே வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை இப்படி இருக்கலாம்:

1. விடுபட்ட புள்ளி, கால், கொம்பு. இவை பொருளையே மாற்றும்: படம் - பாடம், பட்டு - பாட்டு.
2. பேச்சொலியில் எழுதியவை: எல - இலை.
3. ல, ள, ழ மற்றும் ன, ண. ஜோடிச் சொற்களாக: பல்லி - பள்ளி, கிளி - கிழி, மனம் - மணம். வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் இவை பிடிபடும்.
4. ர, ற. இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒலி வேறுபாடே இல்லை, ஆகவே காது உதவாது. அரை - அறை, கரி - கறி எல்லாம் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் நிற்கும். திட்டிப் பயனில்லை, வாசிப்பு கூடக் கூடச் சரியாகும்.
5. க், ச், த், ப் மிகும் இடங்கள். ஐந்தாம் வகுப்புவரை விட்டுவைக்கலாம். பெரியவர்களே தடுமாறும் இடம்.

உரையாடலைப் பேச்சுத்தமிழிலும், கதை சொல்லும் பகுதியைப் புத்தகத் தமிழிலும் எழுதலாம் என்று மூன்றாம் வகுப்பு வாக்கில் சொல்லிக் கொடுங்கள். அதுவரை கலந்து எழுதட்டும்.

## எப்போது வெளியே உதவி கேட்பது?

மூன்று நான்கு மாதம் தினமும் பழகியும், ஏழெட்டு வயதுப் பிள்ளை தெரிந்த எழுத்துகளையே மறந்துகொண்டிருந்தால், வாயால் நன்றாகக் கதை சொல்லியும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒலிக்க முடியாமல் திணறினால், அது சோம்பலாக இருக்க வாய்ப்பு குறைவு. முதலில் கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு வாசிப்பு வராதது கண்ணாடியோடு தீர்ந்துவிடும். அவை சரியாக இருந்தால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மதிப்பிட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதை ஒரு குறைபாட்டு வகையாக ஏற்றிருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகலாம்.

போகும்போது மதிப்பெண் பட்டியலை எடுத்துப் போவதைவிட, தேதி போட்ட கதை நோட்டையும், ஒரே பத்தியைக் குழந்தை முதல் மாதத்திலும் இந்த மாதத்திலும் வாசித்த இரண்டு செல்போன் ஒலிப்பதிவுகளையும் எடுத்துப் போங்கள். எந்த எழுத்தில் நிற்கிறது, எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது, எது சரியாகிவிட்டது என்பதெல்லாம் சிறப்பாசிரியருக்கு அவற்றிலேயே கிடைத்துவிடும்.